மறுமுனையில் நின்றவர்

கடந்த பெருநாள் விடுமுறைக்குக் கனமூலைக்குச் சென்றிருந்தேன். மதுரங்குளியில் பஸ்ஸை விட்டிறங்கி, தென்னந்தோட்டங்களுக்கு நடுவே செல்லும் வீதியால் ஊருக்குள் நுழையும்போது, எனக்கு மருமகன் முறையான ஒருவருடைய வீட்டு முற்றத்தில் பந்து குதிக்கும் சத்தம் கேட்டது. தென்னை மரமொன்றில் இரும்பு வளையமொன்றை அறைந்து, அவருடைய மகன் தனியாகக் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். வயது பதினைந்து. புத்தளம் நகரில் படிக்கிறான். பாடசாலை அணியில் அவனே 'பொயின்ட் கார்ட்'.

தேநீர் வந்ததும் தகப்பன் விஷயத்துக்கு வந்தார். கொழும்பிலே பெயர்பெற்ற பாடசாலையொன்று பையனைக் கேட்டிருக்கிறதாம். சந்தோஷமான செய்திதானே என்றேன்.

"சந்தோஷம்தான் மாமா. ஆனா அங்க ஏற்கெனவே பெரிய பெரிய பொடியனுகள் நாலு பேரு இருக்காங்களாம். இவனக் கொண்டுபோய்ச் சேத்தா, பெஞ்சில குந்த வெச்சிருவாங்களோண்டு யோசனையா இருக்கு. இங்கண்டா இவன்தான் டீமே. நீங்க எவ்வளவு காலம் பேப்பர்ல இருந்தீங்க, எத்தனையோ பேரப் பாத்திருப்பீங்க. நீங்க சொல்லுங்க."

பையன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றான். நான் உடனே எதுவும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

கூடைப்பந்தாட்டம் அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். பொயின்ட் கார்ட் என்பவர் பந்தைத் தமது எல்லையிலிருந்து எதிரணியின் எல்லைக்குக் கொண்டு செல்பவர். யாருக்கு, எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து பந்து போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவரே. களத்தில் ஐவர் நின்றாலும் பந்து ஒன்றுதான். அணியில் ஏற்கெனவே நட்சத்திரங்கள் இருந்தால், அவர்கள் எல்லோரும் அந்த ஒரு பந்தையே கேட்பார்கள். அப்படியானால் இளையவன் வளர்வானா, வெறும் அஞ்சல்காரனாக மாறிவிடுவானா?

கேள்வி கூடைப்பந்தாட்டத்தைப் பற்றியது. ஆனால் இதற்கான மிகத் தெளிவான உதாரணம் நமது நாட்டின் கிரிக்கெட் வரலாற்றில், அதுவும் நமது வடமேல் மாகாணத்திலேயே இருக்கிறது. குருநாகலின் பிள்ளையான ரங்கன ஹேரத்தைத்தான் சொல்கிறேன்.

குருநாகலிலிருந்து காலிக்கு

ஹேரத் 1978 மார்ச் 19ஆம் திகதி பிறந்தவர். குருநாகல் மலியதேவ கல்லூரியின் மாணவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். குள்ளமான, சற்றே பருமனான தேகம். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. 1999 செப்டெம்பரில் காலி மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தமது முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 21. முதல் இனிங்ஸிலேயே நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். உலகின் தலைசிறந்த அணிக்கெதிராக இது எந்த இளைஞனுக்கும் பெருமை சேர்க்கும் ஆரம்பம்.

அன்றைய பத்திரிகை மேசையை நினைத்துப் பார்க்கிறேன். விளையாட்டுப் பக்கத்தில் முரளியின் பெயர் தலைப்பில் இல்லாவிட்டால் பக்கமே நிறைவுபெறாது என்று நம்பிய காலம் அது. புதிய பையனின் பெயர் செய்தியின் நடுப்பகுதியில் எங்கோ ஒரு வரியாகக் கிடந்திருக்கும். அந்தத் தவறை நானும் பலமுறை செய்தவன்.

அதற்குப் பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அடுத்த பத்தாண்டுகளில் ஹேரத்துக்குக் கிடைத்த டெஸ்ட் போட்டிகள் சொற்பம். 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில் அவருடைய மொத்த டெஸ்ட் போட்டிகளின் எண்ணிக்கை பதினைந்தைக்கூடத் தொடவில்லை. அழைப்பார்கள், ஒன்றிரண்டு போட்டிகளில் ஆடவைப்பார்கள், பின்னர் மறந்துவிடுவார்கள்.

பந்து ஒன்று, ஓவர்கள் தொண்ணூறு

இதற்குக் காரணம் ஹேரத்தின் குறைபாடு அல்ல. முத்தையா முரளிதரன் என்ற மாமேதை அதே அணியில் இருந்ததுதான் காரணம்.

கண்டியில் பிறந்து புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற முரளி, 1992இல் டெஸ்ட் அரங்கில் நுழைந்தார். 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் என்ற அவருடைய சாதனை எல்லோருக்கும் தெரியும். பலரும் கவனிக்காத இன்னோர் எண்ணிக்கை உண்டு. அந்த 133 போட்டிகளில் அவர் வீசிய பந்துகள் 44,039. வகுத்துப் பார்த்தால் ஒரு போட்டிக்குச் சராசரியாக 55 ஓவர்களுக்கு மேல் வருகிறது. டெஸ்ட் போட்டியில் ஒரு நாளைக்கு 90 ஓவர்கள். அதில் ஒரு முனை பெரும்பாலும் முரளிக்கே உரியது. எஞ்சிய ஓவர்களை வேகப்பந்து வீச்சாளர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு தடையும் இருந்தது. அணிக்கு இடக்கைச் சுழல் தேவைப்பட்ட போதெல்லாம், ஆரம்பத் துடுப்பாட்ட வீரரான சனத் ஜயசூரிய அதனை வீசினார். பகுதிநேரப் பந்துவீச்சாளர் என்று சொல்லப்பட்ட ஜயசூரிய டெஸ்ட் போட்டிகளில் 98 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். துடுப்பாட்டத்தில் ஓட்டங்களைக் குவிக்கும் ஒருவர் இடக்கைச் சுழலையும் தந்துவிட்டால், அதற்கென்றே தனியாக ஓர் இளைஞனைத் தேர்வாளர்கள் ஏன் தேடப் போகிறார்கள்?

ஆகவே ஹேரத்தின் வழியை மறித்தவர்கள் இருவர். இருவருமே உலக நட்சத்திரங்கள். இருவருமே அவருக்கு எவ்விதத் தீங்கும் நினைக்காதவர்கள். நட்சத்திரம் ஒருவர் இளையவனைத் தடுக்கிறார் என்று சொல்லும்போது பொறாமை, சூழ்ச்சி என்றெல்லாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான்.

அதே முரளி, வேறொரு பையன்

இங்கே கதை முடிந்திருந்தால், நட்சத்திரத்தோடு சேராதே என்று அந்தத் தகப்பனுக்கு உடனேயே சொல்லியிருப்பேன். ஆனால் அதே முரளியின் பக்கத்தில் இன்னோர் இளைஞன் வந்து நின்றார். அவர் அஜந்த மெண்டிஸ்.

இராணுவ அணியிலிருந்து வந்த மெண்டிஸ், 2008 ஜூலையில் கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதைத் தொடர்ந்து இலங்கைக்கு வந்த இந்திய அணியுடனான மூன்று டெஸ்ட் போட்டிகளில் 26 விக்கெட்டுகள். டெண்டுல்கர், திராவிட், லக்ஷ்மன் போன்ற சுழற்பந்தை வைத்து விளையாடத் தெரிந்தவர்களே அந்தத் தொடரில் திண்டாடினார்கள்.

மெண்டிஸ் அதைத் தனியாகச் சாதிக்கவில்லை. மறுமுனையில் முரளி வீசிக்கொண்டிருந்தார். ஒரு முனையில் முரளியைச் சமாளித்துக் களைத்துப்போன துடுப்பாட்ட வீரர், மறுமுனையில் ஓட்டமெடுக்க முயல்வார். அங்கே அதுவரை கண்டிராத விரல்சுண்டுப் பந்து காத்திருக்கும். பெரிய வீரர் ஒருவர் எதிரணியின் கவனத்தையெல்லாம் தம்மீது இழுத்துக்கொண்டதால், புதியவருக்கு வேலை இலகுவாயிற்று.

ஆனால் அந்த இலகு நீடிக்கவில்லை. மெண்டிஸின் பந்துகளை உலகம் படித்துக்கொண்டது. 19 டெஸ்ட் போட்டிகளில் 70 விக்கெட்டுகளோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

ஒரே அணி, ஒரே நட்சத்திரம். ஒருவருக்கு முதல் தொடரிலேயே வாசல் திறந்தது. மற்றவர் பத்தாண்டுகள் வெளியே நின்றார். முந்தியவர் சீக்கிரம் மறைந்தார். பிந்தியவர் நிலைத்தார். நட்சத்திரம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் தேடுவோர், இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காத்திருந்த காலத்தில் என்ன செய்தார்?

ஹேரத்தின் பத்தாண்டுகளைக் காத்திருப்பு என்று சொன்னேன். அது முழு உண்மையல்ல. வாங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது வயதுக்கு மேல் அப்படியொரு கை வாய்க்காது. அவர் அந்தக் காலமெல்லாம் பந்து வீசிக்கொண்டே இருந்தார்.

முதலில் குருநாகல் யூத் கழகம். பின்னர் நீண்ட காலம் கொழும்பு சோனகர் விளையாட்டுக் கழகம், அதாவது நாம் 'மூர்ஸ்' என்று அழைக்கும் கழகம். பிற்காலத்தில் முரளியின் கழகமான தமிழ் யூனியன். குருநாகலின் சிங்களக் கிராமத்துப் பிள்ளை ஒருவர், சோனகர் பெயரிலும் தமிழர் பெயரிலும் அமைந்த கழகங்களுக்காக வாரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓவர் ஓவராக வீசியிருக்கிறார். முதல்தரப் போட்டிகளில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 1,000க்கும் அதிகம். அதில் டெஸ்ட் விக்கெட்டுகள் 433. மீதமுள்ளவற்றில் பெரும்பகுதி யாரும் பார்க்க வராத மைதானங்களில் விழுந்தவை.

வருமானத்துக்கு வங்கி உத்தியோகம் இருந்தது. இலங்கையில் ஆட்டம் இல்லாத பருவத்தில் இங்கிலாந்துக்குச் சென்று சிறு கழகங்களுக்காக லீக் போட்டிகளில் ஆடினார். 2009 கோடைகாலத்தில் அவர் ஸ்டாஃபர்ட்ஷயரில் மொடர்ஷோல் என்ற கழகத்துக்காக விளையாடிக்கொண்டிருந்த போதுதான் தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் புதிதாகத் தலைமைப் பொறுப்பேற்றிருந்த குமார் சங்கக்கார. முரளி காயமுற்றிருந்தார். உடனே வர முடியுமா?

வந்தார். 2009 ஜூலை, காலி மைதானம், பாகிஸ்தானுக்கு எதிரான போட்டி. வெற்றிக்கு 168 ஓட்டங்களைத் துரத்திய பாகிஸ்தான், நான்காம் நாள் காலையில் 2 விக்கெட் இழப்புக்கு 71 என்ற வலுவான நிலையில் இருந்தது. 117இல் எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். ஹேரத் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். இலங்கை 50 ஓட்டங்களால் வென்றது.

அப்போது அவருக்கு வயது 31. பல சுழற்பந்து வீச்சாளர்கள் தமது உச்சத்தை அடைந்திருக்கும் வயதில் அவருடைய உண்மையான டெஸ்ட் வாழ்க்கை தொடங்கியது.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதே காலி மைதானத்தில் முரளி விடைபெற்றார். இந்தியாவின் பிரக்யான் ஓஜா, மஹேல ஜயவர்தனவிடம் பிடிகொடுக்க, 800ஆவது விக்கெட் வீழ்ந்தது. நாடே அந்தப் பிடியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதே போட்டியில் இலங்கையின் முதல் இனிங்ஸில் பின்வரிசையில் இறங்கி ஆட்டமிழக்காமல் 80 ஓட்டங்களை எடுத்தவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவரும் ஹேரத்தான். முரளியின் விழாவிலும் அவர் மறுமுனையில்தான் நின்றார்.

அதற்குப் பிறகு வந்தவை சுருக்கமாக. 2011 டிசம்பரில் டர்பனில், தென்னாபிரிக்க மண்ணில் இலங்கை பெற்ற முதலாவது டெஸ்ட் வெற்றியில் 9 விக்கெட்டுகள். 2012இல் உலகிலேயே அதிகமாக 60 டெஸ்ட் விக்கெட்டுகள். 2014இல் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 3 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அதே ஆண்டில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இனிங்ஸில் 9 விக்கெட்டுகள். 2016இல் அவுஸ்திரேலியாவை 3–0 என்று வென்ற தொடரில் 28 விக்கெட்டுகள். 2018 நவம்பரில் மீண்டும் காலியில், தமது 40ஆவது வயதில் ஓய்வு. 93 போட்டிகள், 433 விக்கெட்டுகள். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்களில் அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை. அவற்றில் 350க்கும் அதிகமானவை முரளி விடைபெற்ற பின்னர் கிடைத்தவை.

இன்னுமொரு செய்தி. ஹேரத் நட்சத்திரமாகிவிட்ட பின்னர் மறுமுனைக்கு வந்தவர் டில்ருவன் பெரேரா. அவரும் முப்பதைக் கடந்த பின்னரே டெஸ்ட் அரங்கைக் கண்டவர். 25 டெஸ்ட் போட்டிகளில் 100 விக்கெட்டுகளை எட்டி, முரளியைவிட விரைவாக அந்த எல்லையைத் தொட்ட இலங்கையரானார். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதிர்முனையில் ஹேரத் இருந்ததன் நன்மை அவருக்குக் கிடைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆறுதல் கதைக்கு எதிராக ஒரு சொல்

ஹேரத்தின் கதையைச் சொல்லி முடித்ததும், பார்த்தீர்களா, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று கூறுவது எளிது. பேச்சுப் போட்டிகளுக்கு அது பொருந்தலாம். வரலாற்றுக்குப் பொருந்தாது. பொறுத்திருந்து பூமி ஆளாதவர்களைப் பற்றி நாம் எழுதுவதில்லை என்பதே காரணம்.

இந்தியாவைப் பாருங்கள். 1960களிலும் 70களிலும் அங்கே பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்ராகவன் என்ற நால்வர் இருந்தனர். சேர்ந்து 853 டெஸ்ட் விக்கெட்டுகள். ஆனால் நால்வரும் ஒரே டெஸ்ட் போட்டியில் ஒன்றாக ஆடியது ஒரேயொரு முறைதான், 1967இல் பர்மிங்ஹாமில். பிரசன்னாவும் வெங்கட்ராகவனும் ஒரே வகையான ஓஃப் சுழல் வீசுபவர்கள். சென்னைத் தமிழரான வெங்கட்ராகவன், இருபது வயதை எட்டு முன்னரே, 1965இல் டில்லியில் நியூசிலாந்தின் 8 விக்கெட்டுகளை ஒரே இனிங்ஸில் வீழ்த்தியவர். ஆயினும் தமது காலம் முழுவதும் பிரசன்னாவோடு ஓர் இடத்துக்காகப் போட்டியிட வேண்டியிருந்தது. 1971இல் இங்கிலாந்தில் அவர் ஆடினார், பிரசன்னா வெளியே இருந்தார். வேறு சமயங்களில் நிலைமை மாறியது. ஒருவர் மற்றவரின் போட்டிகளைத் தின்றார்.

அவர்களாவது ஆடினார்கள். ராஜிந்தர் கோயலும் பத்மாகர் சிவால்க்கரும் இடக்கைச் சுழல் வீச்சாளர்கள். கோயல் முதல்தரப் போட்டிகளில் 750 விக்கெட்டுகளை எடுத்தார், சிவால்க்கர் 589. பேடி அணியில் இருந்தமையால் இருவருமே ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடாமல் ஓய்வு பெற்றார்கள். 1974இல் பெங்களூரில் பேடி ஒழுக்காற்றுக் காரணத்தால் விலக்கப்பட்டபோது கோயல் அழைக்கப்பட்டார். பன்னிருவரில் அவர் பெயர் இருந்தது. பதினொருவரில் இல்லை.

கோயல் பொறுமை இழந்தவரல்ல. ஹேரத்தைவிடக் குறைவாக உழைத்தவருமல்ல. அவருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு சரியான நேரத்தில் வரவில்லை. காத்திருப்பு ஒருவரைப் பக்குவப்படுத்தும் என்று சொல்வோர் கோயலின் முன்னால் நின்று அதைச் சொல்லத் துணிய வேண்டும்.

கூடைப்பந்தாட்டத்துக்கு வருவோம்

கிரிக்கெட் சுழல் வீச்சாளர் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஆடுபவர், பொயின்ட் கார்ட் நட்சத்திரத்தோடு சேர்ந்து ஆடுபவர், ஆகவே ஒப்பீடு பொருந்தாது என்று சிலர் கூறலாம். ஓரளவு சரிதான். எனவே அமெரிக்கத் தொழில்முறை லீக்கையும் பார்த்துவிடலாம்.

மகிமையான உதாரணம் மெஜிக் ஜோன்சன். 1979இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு வந்தபோது அங்கே கரீம் அப்துல் ஜப்பார் ஏற்கெனவே இமயம் போல நின்றார். முதல் ஆண்டிலேயே இறுதித் தொடர். 1980 மே 16ஆம் திகதி, ஆறாவது ஆட்டத்துக்குக் கரீம் கணுக்கால் காயத்தால் வர முடியவில்லை. 20 வயது ஜோன்சன் கரீமின் இடத்தில் நடுநாயகமாக ஆட்டத்தைத் தொடங்கி 42 புள்ளிகளைப் பெற்றார். அணி கிண்ணத்தை வென்றது. அதுவரை நட்சத்திரத்தின் அருகில் கற்றதையெல்லாம் ஒரே இரவில் அவர் செலவிட்டார். ஆனால் ஆண்டு முழுவதும் பந்து அவருடைய கையில் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. அவர் வாங்கிலிருந்து எழுந்து வந்தவர் அல்ல.

இரண்டாவது, டோனி பார்க்கர். பிரான்சிலிருந்து 19 வயதில், 2001இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு வந்தார். டிம் டங்கனும் டேவிட் ரொபின்சனும் அங்கே இருந்தனர். ஆரம்ப ஐவரில் இடம் விரைவாகக் கிடைத்தது. ஆனால் 2003 இறுதித் தொடரில், ஆட்டம் இறுகும் கடைசிப் பகுதியில், பயிற்றுவிப்பாளர் கிரெக் பொப்போவிச் பார்க்கரை வெளியே இருத்தி ஸ்பீடி கிளக்ஸ்டனை ஆட வைத்தார். கிண்ணத்தை வென்ற கையோடு, பார்க்கரின் இடத்துக்கு ஜேசன் கிட் என்ற பெரும் வீரரை அழைத்துவர நிர்வாகம் முயன்றது. கிட் தமது பழைய அணியிலேயே தங்கினார். பார்க்கர் தப்பினார். 2007 இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற முதலாவது ஐரோப்பியர் அவரே. நட்சத்திரங்களின் மத்தியில் வளர்ந்தவர் என்று அவரை எல்லோரும் சொல்கிறோம். அந்த வளர்ச்சி ஓர் அங்குலத்தில் தவறியிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, ராஜோன் ரொண்டோ. 2007இல் பொஸ்டன் செல்டிக்ஸ் அணியில் போல் பியர்ஸோடு கெவின் கார்னெட்டும் ரே அலனும் சேர்ந்தபோது ரொண்டோவுக்கு 21 வயது. தூரத்திலிருந்து எறிவதில் அவர் பலவீனமானவர். சுற்றி மூன்று பெரும் எறிவாளர்கள் இருந்தமையால் அந்தப் பலவீனம் மறைந்தது. பந்து கொடுக்கும் கலை மட்டும் துலங்கியது. 2008இல் கிண்ணம். பின்னர் லீக்கிலேயே அதிகமாகப் பந்து கொடுத்துப் புள்ளிகளை உருவாக்கியவர் என்ற இடம்.

நான்காவது, எதிர்ப்பக்கம். ஒக்லஹோமா சிட்டி அணியில் கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரும் இளைஞர்களாக ஒன்றாக இருந்தார்கள். ஹார்டன் மாற்று வீரராக வாங்கிலிருந்து வந்தார். 2012இல் அவரை ஹூஸ்டனுக்கு மாற்றினார்கள். அங்கே பந்து அவர் கைக்கு வந்தது. 2016–17 பருவத்தில் பொயின்ட் கார்டாக ஆடி, பந்து கொடுப்பதில் லீக்கின் முதலிடத்தைப் பெற்றார். 2014இல் டுரான்ட், 2017இல் வெஸ்ட்புரூக், 2018இல் ஹார்டன் என்று மூவருமே ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்கள். மூவரும் ஒன்றாக இருந்த அணி ஒரு கிண்ணத்தையும் வெல்லவில்லை. பந்து ஒன்றுதானே.

இந்த நால்வரையும் ஹேரத், மெண்டிஸ், கோயல் ஆகியோரோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு பெரியவர் என்பது இளையவனின் விதியைத் தீர்மானிப்பதில்லை. ஆட்டம் இறுகும் நேரத்தில் பந்து அவன் கைக்கு வருகிறதா என்பதே தீர்மானிக்கிறது. அந்த அணியில் வராவிட்டால் வேறெங்காவது வர வேண்டும். ஹேரத்துக்கு மூர்ஸ் மைதானமும் மொடர்ஷோலும் இருந்தன. அவை இல்லாவிட்டால் 2009இல் காலிக்கு வந்திறங்கியவர் வெறும் பழைய வீரராகவே இருந்திருப்பார்.

தகப்பனுக்குச் சொன்னது

ஊரைவிட்டுக் கிளம்பு முன்னர் அந்த வீட்டுக்கு மறுபடியும் சென்றேன். போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை. அந்தப் பாடசாலையில் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னேன்.

முதலாவது, பெரிய அணியில் இடமில்லாத நாட்களில் இவன் எங்கே ஆடுவான்? அவனுடைய வயதுப் பிரிவுக்கு அணி உண்டா, அதில் பந்து இவன் கையில் இருக்குமா? இரண்டாவது, பெரிய பையன்களோடு பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்களா, அல்லது பந்து பொறுக்க விடுவார்களா? மூன்றாவது, அந்த நால்வரும் எந்த ஆண்டில் பாடசாலையை விட்டு விலகுகிறார்கள்? பாடசாலை அணியில் நட்சத்திரங்கள் முரளியைப் போல் பதினெட்டு ஆண்டுகள் நிற்பதில்லை. பரீட்சை வந்ததும் போய்விடுவார்கள். இது பையனுக்குச் சாதகமான விஷயம்.

முதல் கேள்விக்கு நல்ல பதில் வந்தால் அனுப்புங்கள் என்றேன். அதற்கு மழுப்பினால், பாடசாலையின் பெயரைப் பார்க்காமல் பையனை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அவன்தான் அணி என்பதிலும் ஆபத்து உண்டு. தன்னைவிடச் சிறந்தவரைக் காணாத பொயின்ட் கார்டுக்குப் பந்தை யாருக்குக் கொடுப்பது என்றே தெரியாமற் போகும். ஆயினும் ஆடாமல் இருப்பதைவிட அது மேல். கெட்ட பழக்கத்தைப் பிறகு திருத்தலாம். ஆடாத ஆண்டுகளைத் திருப்பி வாங்க முடியாது.

தகப்பன் தலையாட்டினார். பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. நான் எழும்பியபோது மெதுவாகக் கேட்டான்: "அப்பா, அந்த ஹேரத் இவ்வளவு காலமா ஏன் விட்டுட்டுப் போகல்ல?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாட்டன் முறையானவரை அப்பா என்று அழைப்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பந்து வீசுவது அவருக்குப் பிடித்திருக்கும் போலும் என்று மட்டும் சொன்னேன். நான் வீதிக்கு வரும் முன்னரே, பின்னால் முற்றத்தில் பந்து குதிக்கும் சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கிவிட்டது.